அபுனைவு என்பதில் உள்ள அகரம் எதை மறுக்கிறது?

நூல்களைப் புனைவு (ஃபிக்ஷன்) என்றும் அபுனைவு (நான்ஃபிக்ஷன்) என்றும் இரண்டாகப் பிரிக்கும் வழக்கத்துக்குத் தருக்க அடிப்படை ஏதேனும் உண்டா என்பது கேள்வி. கேட்டவர் மூன்று தடைகளை எழுப்பியிருக்கிறார். தன்னிடம் இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு வகைக்குப் பெயர் வைப்பது முறையா என்பது முதல் தடை. பிழையான வரலாற்று நூல் புனைவாகிவிடுமா, மெய்ச்செய்திகள் நிறைந்த நாவல் அபுனைவாகிவிடுமா என்பது இரண்டாவது. கவிதையை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது மூன்றாவது. நூல்களை வகைப்படுத்தும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இந்த மூன்றையும் நான் நாள்தோறும் எதிர்கொண்டிருக்கிறேன். அவற்றைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவில் தருக்கப் பிழை இல்லை. ஆனால் அபுனைவு என்ற சொல்லில் உள்ள எதிர்மறையை நாம் மூன்று வெவ்வேறு பொருளில் மாற்றி மாற்றிப் படிக்கிறோம். அவற்றுள் ஒரு பொருளில் மட்டுமே அது செல்லும். மற்ற இரண்டிலும் அது உடைந்துபோகிறது. குழப்பம் முழுவதும் அங்கிருந்தே பிறக்கிறது.

அந்த மூன்று பொருள்களுக்கும் நம் இலக்கண உரைகளில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. வடசொல்லின் முன் வரும் எதிர்மறை அகரம் இன்மை, அன்மை, மறுதலை என்ற மூன்று பொருளில் வரும் என்பார்கள். அரூபம் என்றால் உருவம் இல்லாதது, அது இன்மை. அநீதி என்றால் நீதிக்கு நேர் எதிரானது. நீதி இல்லாத வெற்றிடத்தை யாரும் அநீதி என்று சொல்வதில்லை. ஆகவே அது மறுதலை. அன்மைக்கு இன்றைய பேச்சிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். அசைவம் என்ற சொல்லைச் சைவ உணவு அல்லாதது என்ற பொருளில் வழங்குகிறோம். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் கருங்கல்லும் சைவ உணவு அல்லாததுதான். ஆயினும் யாரும் அப்படிக் குழம்புவதில்லை, ஏனென்றால் பேச்சு உணவைப் பற்றியது என்ற எல்லை, சொல்லப்படாமலே இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது. முட்டை எந்தப் பக்கம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதனால் பிரிவே பொய் என்று யாரும் முடிவு கட்டுவதும் இல்லை. அசைவ உணவகத்தில் சோறும் சாம்பாரும் கிடைக்கின்றன, அதனால் அவை அசைவம் ஆவதில்லை. இந்தச் சிறு சான்றில் அடங்கியிருக்கும் மூன்று செய்திகளையும், அதாவது பேச்சின் எல்லை, எல்லைக்கோட்டு வழக்குகள், பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவது எளிதாக விளங்கும்.

எதிர்மறையால் ஒரு வகைக்குப் பெயர் வைக்கலாமா என்ற முதல் தடை மிகப் பழையது. பிளேட்டோவின் 'அரசியலாளன்' என்னும் உரையாடலில், மனித இனத்தைக் கிரேக்கர் என்றும் கிரேக்கர் அல்லாத பிறர் என்றும் பிரிப்பது தவறு என்று ஒரு பாத்திரம் வாதிடுகிறது. ஒருவரோடொருவர் தொடர்பே இல்லாத, மொழியாலும் வேறுபட்ட எண்ணற்ற இனங்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிட்டால் அவை ஒரே இனம் ஆகிவிடுமா என்பது அதன் கேள்வி. எண்களிலிருந்து பத்தாயிரத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்து, மிச்சம் இருக்கும் எல்லா எண்களுக்கும் ஒரு பெயர் வைத்து, அதை ஒரு வகை என்று சொல்வதற்கு ஒப்பானது இது என்றும் அங்கே காட்டப்படுகிறது. அரிஸ்டாட்டில் விலங்குகளின் உறுப்புகளைப் பற்றிய நூலில் இதையே இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: இல்லாமையை வேறுபாடாகக் கொண்ட ஒரு வகையை மேலும் உட்பிரிக்க வழியில்லை, ஏனென்றால் இல்லாத ஒன்றில் வகைகள் இருக்க முடியாது. இறகு உள்ளவற்றில் இத்தனை வகை இறகு என்று பிரிக்கலாம்; இறகு இல்லாதவற்றில் இத்தனை வகை இறகின்மை என்று பிரிக்க முடியாது.

இந்த வாதம் வலுவானது. சமையல் நூல், பாண்டியர் வரலாறு, பயணக் குறிப்பு, உடல்நல நூல், அகராதி ஆகியவற்றை அபுனைவின் வகைகள் என்று சொல்லும்போது, அபுனைவு என்ற ஒரு பொது இயல்பு இருப்பதாகவும் அது இவற்றில் வெவ்வேறு வடிவம் எடுப்பதாகவும் நமக்குத் தோன்றுகிறது. அப்படி ஓர் இயல்பு இல்லை. சமையல் நூலையும் வரலாற்று நூலையும் பிணைப்பது அவை நாவல் அல்ல என்பது மட்டுமே.

எனினும் எதிர்மறைப் பெயர் எப்போதும் பயனற்றது என்று முடிவுகட்டும் முன் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவை நினைக்க வேண்டும். 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே' என்கிறது அது. அஃறிணை என்ற பெயரே அல் என்னும் எதிர்மறையால் ஆனது. அதன் இலக்கணமும் 'அவர் அல பிற' என்று எதிர்மறையாகவே சொல்லப்படுகிறது. பசுவும் பாறையும் பொறாமையும் மழையும் ஒரே திணையில் அடங்குகின்றன. இவற்றிடையே பொது இயல்பு எதுவும் இல்லை என்று பிளேட்டோவின் பாத்திரம் இங்கும் வாதிடலாம். ஆனால் இந்தப் பிரிவின் மேல்தான் தமிழ் வினைமுற்றுகள் இன்றளவும் நிற்கின்றன. காரணம், இலக்கணம் இங்கே கேட்பது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பெயருக்கு எந்த ஈறு கொண்ட வினை முடிபாகும்? அந்த ஒரு கேள்விக்குப் பாறையும் பொறாமையும் ஒரே விடையைத் தருகின்றன. பிறகு உட்பிரிவு தேவைப்படும்போது 'அல்லாமை'யை உட்பிரிக்காமல், ஒன்று பல என்ற எண்ணை அடிப்படையாகக் கொண்டு ஒன்றன்பால், பலவின்பால் என்று பிரிக்கிறார்கள். அரிஸ்டாட்டில் எச்சரித்த குழியில் இலக்கணம் விழவில்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தொல்காப்பியம் மக்களை மட்டும் உயர்திணை என்றது. நன்னூல் மக்கள், தேவர், நரகர் என்று விரித்தது. நேர்வகையின் எல்லை நகர்ந்தவுடன் எதிர்மறை வகையின் எல்லையும் தானாக நகர்கிறது. தேவரும் நரகரும் ஒரே நூற்பாவில் கரை மாறிவிட்டார்கள். எதிர்மறை வகைக்குத் தனக்கென்று ஒரு கரை கிடையாது. மற்றதன் கரையே அதன் கரை. ஆகவே அபுனைவு என்றால் என்ன என்று நேரே கேட்பது வீண் முயற்சி. புனைவு என்றால் என்ன என்பதையும், எந்த ஒரு கேள்விக்காக இப்பிரிவு செய்யப்படுகிறது என்பதையும் தீர்த்துவிட்டால் மற்றது தானே தீரும்.

அந்தக் கேள்வி காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம் மாறி வந்திருப்பதுதான் உண்மையான சிக்கல். புனைவல்லாதவை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தத்துவ நூல்களில் பிறந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கப் பொது நூலகங்களின் கணக்கேடுகள் வழியாகவே அது பரவியது. இரவல் போகும் நூல்களில் மிகப் பெரும்பகுதி நாவல்களாக இருந்தது; மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நூலகம் நாவல் படிக்கவா என்ற கவலை அன்றைய நூலகர்களை வாட்டியது; ஆகவே நாவல்கள் எத்தனை போயின, மற்றவை எத்தனை போயின என்று தனித்தனியே எண்ண வேண்டியிருந்தது. அந்த 'மற்றவை' என்ற பத்திக்கு வைத்த தலைப்பே பின்னாளில் ஓர் இலக்கிய வகையின் பெயராகிவிட்டது. கணக்கேட்டில் அது முற்றிலும் சரியான தலைப்பு. எண்ணுவதற்கு இரண்டு பத்திகள் போதும். இரண்டாவது பத்தியில் உள்ளவை தமக்குள் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நூல்களை அடுக்கும் வேலைக்கு அதே தலைப்பைக் கொண்டுவந்தபோது சிக்கல் தொடங்கியது. அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு என்னும் நூல் வகைப்பாட்டு முறையில் இலக்கியம் முழுவதற்கும் 800 என்ற வகுப்பு ஒதுக்கப்பட்டது. கவிதை, நாடகம், கதை, கட்டுரை எல்லாம் அதன் உட்பிரிவுகள். ஆனால் நாவல்களைத் தேடி வருவோர் மிகுதி என்பதால் பெரும்பாலான அமெரிக்கப் பொது நூலகங்கள் நாவல்களை மட்டும் அந்த வகுப்பிலிருந்து உருவி எடுத்து, ஆசிரியர் பெயர் வரிசையில் தனியே அடுக்கின. எண் இட்டு அடுக்கிய மிச்சம் அனைத்தும் 'அபுனைவுப் பகுதி' என்று அழைக்கப்படலாயிற்று. விளைவு என்னவென்றால், ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் ஹோமரின் காவியங்களும் அந்த நூலகங்களில் அபுனைவுப் பகுதியில் நிற்கின்றன. ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி மெய்யானது என்று எந்த நூலகரும் நம்பவில்லை. அலமாரியின் பெயர் நூலின் இயல்பைச் சொல்வதாக எண்ணிக்கொள்வதால்தான் அது நமக்கு உறுத்துகிறது.

விற்பனைப் பட்டியல்களிலும் இதே கதைதான். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1931 அக்டோபரில் தன் முதல் பட்டியலை ஐந்து புனைவு நூல்களோடும் நான்கு அபுனைவு நூல்களோடும் வெளியிட்டது. 1984-இல் அறிவுரை நூல்களுக்கும் செய்முறை நூல்களுக்கும் பலவகை நூல்களுக்கும் தனிப் பட்டியல் ஒன்றை ஏற்படுத்த வேண்டி வந்தது. உடல் இளைக்க வழி சொல்லும் நூலும் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறும் ஒரே வரிசையில் போட்டியிடுவதில் பொருளில்லை என்று வணிகமே கண்டுகொண்டது. மிச்சம் என்ற பெயரில் சேர்த்தவை என்றாவது ஒருநாள் தத்தம் பெயரைக் கேட்டு வரும்.

மிச்சம் என்ற வகையே இல்லாமல் நூலகம் நடத்த முடியும் என்பதைக் காட்டியவர் நம்மவர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு என்னும் வகைப்பாட்டு முறையில் இலக்கியத்துக்கு 'ஓ' என்னும் ஆங்கில எழுத்து குறி. அதன் கீழ் முதலில் மொழி, அடுத்து வடிவம், அடுத்து ஆசிரியர், அடுத்து நூல் என்று முகங்கள், அதாவது பகுக்கும் கோணங்கள், வருகின்றன. வடிவத்தில் கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, கதைக்கு 3, கடிதத்துக்கு 4, சொற்பொழிவுக்கு 5, மற்ற உரைநடைக்கு 6. கதை இங்கே பல வடிவங்களுள் ஒன்று, அவ்வளவே. வேதியியல் நூல் வேதியியலில் இருக்கிறது, வரலாறு வரலாற்றில் இருக்கிறது. அவை 'கதை அல்லாதவை' என்ற செய்தியை எங்கும் எழுதிவைக்க வேண்டிய தேவையே எழவில்லை. நூற்பகுப்புக்கு இந்த இருமை இன்றியமையாதது அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அப்படியானால் இருமையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. ஏனென்றால் நூலகரின் கேள்வியும் வணிகரின் கேள்வியும் போக, வாசகரின் கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கு இப்பிரிவு இன்றியமையாதது. அதற்கு வருமுன் மறுதலைப் பொருளை அகற்றிவிட வேண்டும்.

அபுனைவு என்றால் புனைவின் மறுதலை, புனைவு பொய், ஆகவே அபுனைவு மெய் என்று படிப்பவர்கள்தாம் மிகுதி. பள்ளிக்கூடங்களில்கூட இப்படித்தான் விளக்குகிறார்கள். இந்த விளக்கம் இரண்டு பக்கமும் நிற்காது. தாலமி தம் வானியல் நூலில் பூமியை நடுவில் வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது பாடநூலாக இருந்தது. அதன் மையக் கருத்து பிழை. பிழையான நூல் என்கிறோம், புனைவு என்று யாரும் சொல்வதில்லை. 1983-இல் ஜெர்மனியின் ஷ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. சில நாட்களிலேயே அவை கொன்ராட் குயாவ் என்பவர் எழுதிய போலிகள் என்று மெய்ப்பிக்கப்பட்டது. அந்த ஏடுகளில் இருந்தது கற்பனைதான். ஆனாலும் அதைப் புனைவிலக்கியம் என்று அழைத்தால் மோசடியின் குற்றம் மறைந்துபோகிறது. பொய்யும் புனைவும் ஒன்றல்ல: பொய்யன் தான் சொல்வதை மெய்யென்று ஏற்கும்படி கேட்கிறான், கதைசொல்லி அப்படிக் கேட்பதில்லை. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னி, கவிஞன் எதையும் உறுதிப்படுத்திக் கூறுவதில்லை, ஆகவே அவன் பொய் சொல்வதும் இல்லை என்று வாதிட்டது இதைத்தான்.

மறுபக்கம், மெய்யான செய்தி நாவலுக்குள் இருந்தால் என்ன ஆகும்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களைச் சேர்ந்தோரின் நிலங்கள் பறிமுதலான செய்தியும் அதில் வருகிறது. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் அதே ரவிதாசன் நடமாடுகிறான். அவனோடு சதியில் சேரும் நந்தினியோ எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவள். ஒரே அத்தியாயத்தில், ஒரே உரையாடலில், கல்வெட்டில் உள்ளவனும் ஆசிரியர் படைத்தவளும் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். வாக்கியம் வாக்கியமாக எடுத்து மெய், பொய் என்று குறியிட்டு, மெய் மிகுந்தால் அபுனைவு என்று தீர்ப்பளிக்க முயன்றால் இந்த நூல் பக்கத்துக்குப் பக்கம் வகை மாறும். நாம் அப்படிப் படிப்பதில்லை. அசைவ உணவகத்தின் சாம்பார் போல, மெய்ச்செய்தி புனைவுக்குள் மெய்ச்செய்தியாகவே இருக்கிறது. நூலின் வகையை அது தீர்மானிப்பதில்லை.

வகையைத் தீர்மானிப்பது எது? 1975-இல் ஜான் சர்ல் என்ற தத்துவ அறிஞர் புனைவுரையின் தருக்க நிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பனுவலைப் புனைவு என்று அடையாளம் காட்டக்கூடிய சொல்லமைப்போ பொருளமைப்போ எதுவும் அந்தப் பனுவலுக்குள் இல்லை என்பது அவர் வாதத்தின் மையம். 'மழை பெய்தது, அவன் குடையை மறந்துவிட்டான்' என்ற வரி செய்தி அறிக்கையிலும் வரலாம், சிறுகதையிலும் வரலாம், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். வேறுபடுவது எழுதியவர் அந்த வரியைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதுதான். அறிக்கை எழுதியவர் மழை பெய்தது என்பதற்குப் பொறுப்பேற்கிறார்; இல்லை, அன்று வெயில் அடித்தது என்று யாரேனும் காட்டினால் அவர் விடை சொல்லியாக வேண்டும். சிறுகதை எழுதியவரிடம் போய் அன்றைய வானிலைப் பதிவைக் காட்டுவது பொருளற்ற செயல்.

இதை நான் பிணை என்று சொல்வேன். நான் சொல்வது நடந்தது, அதற்கு நான் பிணை என்று வாசகரிடம் கூறும் நூல் ஒருபுறம். அந்தப் பிணையைத் தராத நூல், தரவில்லை என்று வாசகரும் அறிந்தே படிக்கும் நூல் மறுபுறம். பிணை தந்துவிட்டு அதைக் காக்கத் தவறிய நூல் பிழையான அபுனைவு. அறிந்தே மீறியது மோசடி. இரண்டுமே புனைவு ஆகா. வாசகர் கேட்கும் ஒரே கேள்வி இதுதான்: இதில் சொன்னது தவறென்றால் உங்களிடம் வந்து கேட்கலாமா? இந்தக் கேள்விக்கு, அஃறிணைக்கு ஈறு போல, இரண்டு விடைகள்தாம் இருக்க முடியும். ஆகவே இரண்டு வகைகளும் தருக்கப்படி நிற்கின்றன.

பிணை பனுவலுக்கு வெளியே இருப்பது என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்றுகள் உண்டு. டேனியல் டீஃபோ 1719-இல் 'ராபின்சன் குரூசோ'வை வெளியிட்டபோது தலைப்புப் பக்கத்தில் தம் பெயரைப் போடவில்லை. குரூசோ தானே எழுதியது என்று அச்சிட்டார். இது நடந்த செய்திகளின் வரலாறு, இதில் கற்பனையின் சாயலே இல்லை என்று முன்னுரையும் எழுதினார். இன்று அதே பனுவலை ஒரு சொல்லும் மாற்றாமல் நாவலாகப் படிக்கிறோம். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபிரே எழுதிய போதை மீட்பு நூல் 2003-இல் தன்வரலாறாக வெளிவந்தது. அதன் முக்கியப் பகுதிகள் இட்டுக்கட்டியவை என்று 2006 தொடக்கத்தில் வெளிப்பட்டபோது, பதிப்பகம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. அதே நூல் முதலில் நாவலாகவே பதிப்பகங்களிடம் காட்டப்பட்டது என்று ஆசிரியர் கூறியிருக்கிறார். நாவலாக வந்திருந்தால் யாருக்கும் ஒரு காசும் திருப்பித்தர வேண்டியிருந்திருக்காது.

பிணை தரவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் விடுபட்டுவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரஷ்ய அரச குடும்பத்தோடு நெருங்கியிருந்த ரஸ்புதினைப் பற்றி 1932-இல் வந்த ஹாலிவுட் படத்தில் இளவரசி நதாஷா என்ற பாத்திரத்தின் பெயர் கற்பனைதான். ஆயினும் பார்ப்பவர்கள் அது தம்மையே குறிப்பதாகக் கொள்வார்கள் என்று இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்து, 1934-இல் வென்றார். 25,000 பவுண்டு இழப்பீடு உறுதியானது. 'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று படங்களில் இடம்பெறும் அறிவிப்பு வழக்கமானதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். பிணை இருக்கிறதா இல்லையா என்பதை எழுதியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்பவர் நியாயமாக எதை எதிர்பார்த்தார் என்பதும் அதில் சேரும். ட்ரூமன் கபோட்டி 1966-இல் கான்சாஸ் கொலைகளைப் பற்றி எழுதிய நூலை 'அபுனைவு நாவல்' என்று அழைத்தார். பெயரைக் கேட்டால் முரண் போலத் தோன்றும். நாவல் என்பதைச் சொல்லும் முறைக்கும், அபுனைவு என்பதைப் பிணைக்கும் உரியதாகக் கொண்டால் முரண் இல்லை. அந்தப் பிணையின் கணக்கில்தான் அவர் கடன்பட்டார்: நூலின் இறுதியில் வரும் கல்லறைக் காட்சி நடக்காதது.

இனி இன்மைப் பொருள். அபுனைவு என்றால் புனைதலே இல்லாதது, வெறும் செய்தி, கைபடாத மெய் என்று படிப்பது மூன்றாவது வழி. இதுவே எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் வரலாறும் தன்வரலாறும் எழுதுவோரின் உழைப்பை இது இல்லாமல் ஆக்கிவிடுகிறது. தமிழில் புனைதல் என்றால் பொய் சொல்லுதல் என்று முதற்பொருள் இல்லை; தொடுத்தல், அழகுறச் செய்தல், ஒழுங்குபடுத்தல் என்பவையே அதன் பொருள். மாலை புனைகிறோம், ஓவியம் புனைகிறோம். நன்னூல் பாயிரத்துக்குத் தரும் பெயர்களுள் புனைந்துரை என்பதும் ஒன்று. நூலின் முன்னுரையைவிட அபுனைவான எழுத்து உண்டா? கட்டு என்ற வினையும் அப்படித்தான்: கட்டுரையும் கட்டுக்கதையும் அதே வினையிலிருந்து பிறந்தவை. புனைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுத்தலைக் குறிப்பது. மெய்ச்செய்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர் செய்தல் என்று பொருள்படுவது. இரண்டு மொழிகளிலும் இரண்டு பக்கமும் கைவேலைதான்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்தது. அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-இல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் ஆசிரியரின் பேச்சு மேற்கோள் குறிக்குள் நம் காதில் விழுகிறது. ஒவ்வொரு சொல்லும் அப்படியே பேசப்பட்டது என்று யாரும் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. நினைவிலிருந்து எடுத்து, தேர்ந்து, வரிசைப்படுத்தி, உரையாடலாக அமைத்தது ஐயரின் கை. பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தம் வரலாற்று நூலில் வரும் சொற்பொழிவுகளைப் பற்றி, சொல்லப்பட்டதன் கருத்தை இயன்றவரை ஒட்டி, சூழலுக்குப் பொருத்தமானதைப் பேசவைத்தேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இந்த இரு நூல்களிலும் புனைதல் நிறைய இருக்கிறது. பிணையும் உறுதியாக இருக்கிறது. அந்தப் பிணை சொல்லுக்குச் சொல் ஒப்புக்கு அல்ல, மனிதரையும் நிகழ்வையும் திரிக்காமைக்கு. பிணையின் அளவு வகைக்கு வகை மாறும் என்பதைப் புரிந்துகொண்டால் இவற்றை ஐயத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

கவிதைக்கு வருகிறேன். கவிதையை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்வி, கவிதை என்பது வடிவம், பிணை என்பது பொறுப்பு என்ற இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதால் எழுவது. சிவப்பா, கனமா என்று கேட்பது போன்றது அது. ஒரு கவிதை பிணை தரலாம், தராமலும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை நம் முன்னோர் வெகு நுட்பமாக அறிந்திருந்தார்கள். அகத்திணையில் 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி என்றுதான் வருவார்கள். இன்னார் என்று சுட்டும் பெயர் வரக்கூடாது. புறத்தில் பெயர் வரும், ஊர் வரும், போர்க்களம் வரும். கபிலர் குறிஞ்சிப்பாட்டின் தலைவியைப் பாடியபோது அவள் யார் என்று கேட்பாரில்லை; அதே கபிலர் பாரியைப் பாடியபோது அவன் பறம்பின் தலைவன் பாரிதான்.

சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் இது கத்திமுனைக்கு வந்து நிற்கிறது. பிரிந்த தலைவியின் துயர், வாடைக்காற்று, பாசறையில் உறங்காத மன்னன் என்று பாட்டு முழுவதும் அகத்தின் மணம். ஆனால் மன்னனுக்கு முன் செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு பூவால் மன்னன் இன்னான் என்று சுட்டப்பட்டுவிட்டான். ஆகவே பாட்டு புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். அகமும் புறமும் புனைவும் அபுனைவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. புறப்பாடல்களில் உயர்வு நவிற்சி நிறைய உண்டு, அகப்பாடல்களின் உவமைகளில் மெய்யான அரசர்களும் ஊர்களும் வருகிறார்கள். நான் வியப்பது வேறொன்றை: இரண்டு பக்கத்துக்கும் நேர்ப்பெயர் இருக்கிறது, பிரிக்கும் கோல் ஒன்றே, எல்லைக்கோட்டில் வந்து நின்ற பாட்டுக்கும் அந்தக் கோலைக் கொண்டே தீர்ப்பு. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பகுத்தபோதும் பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி என்று அவற்றுள் ஒன்றுக்குப் பெயரிட்டது. யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடம் சென்று இன்னது செய்தன என்று தொடர்ந்து சொல்லும் கதையை உரையாசிரியர்கள் அதற்குச் சான்று காட்டினார்கள். மற்ற மூன்றையும் பொய்யல்லாதவை என்று ஒரே கட்டாகக் கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம் சொன்னார்கள்.

இந்த இருமை செல்லாத இடங்களும் உள்ளன. இராமாயணத்தை மீண்டும் சொல்லும் உரைநடை நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைப் புனைவு என்றால் பக்தர் வருந்துவார், அபுனைவு என்றால் வரலாற்று ஆசிரியர் தடை சொல்வார். ஆனால் வழிவழியாகக் கேட்டதைக் கேட்டபடி சொல்பவர், நான் இதைப் படைத்தேன் என்றும் சொல்லவில்லை, நிகழ்வுக்கு நான் சான்று என்றும் சொல்லவில்லை. பிணை என்ற ஏற்பாடே அங்கு நடைபெறவில்லை. சூத்திர வாய்பாடுகளும் அகராதியும் தோத்திரமும் அப்படியே. கருங்கல் சைவமா அசைவமா என்று கேட்காதது போல, இவற்றிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டில் ஒன்றில் அடைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் கணக்கேட்டிலிருந்து வந்தது. அது தருக்கத்தின் கட்டளை அன்று.

தமிழில் எந்தச் சொல்லை ஆள்வது என்றும் கேள்வி எழுப்பியவர் கேட்டிருந்தார். நான் கூடிய மட்டும் நேர்ப்பெயர்களையே எழுதுகிறேன்: வரலாறு, வாழ்க்கை வரலாறு, பயண நூல், அறிவியல், சமையல். ஒரே எதிர்மறைச் சொல் தேவைப்படும் இடத்தில் அபுனைவு என்பதைவிடப் புனைவல்லாதவை என்பது எனக்கு ஏற்புடையது. அகரம் மூன்று பொருளுக்கும் இடம் தருகிறது. அல் என்பதோ அன்மையை மட்டும் காட்டி, இன்மையையும் மறுதலையையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கட்டுரை என்பதை அதற்கு ஈடாக வழங்குவோர் உண்டு. ஆனால் கட்டுரை ஒரு வடிவத்தின் பெயர். எழுநூறு பக்க வாழ்க்கை வரலாற்றையும் அகராதியையும் கட்டுரை என்று அழைத்தால், கவிதையை அபுனைவு அலமாரியில் வைத்த நூலகங்களின் பிழையை நாம் வேறு வழியில் செய்தவர்கள் ஆவோம்.